மூச்சு கிடைக்கவில்லை

"செத்துப்போன மனுஷர் ஒருத்தரு, கருமாதியெல்லாம் முடிஞ்சப்புறம் வேலைக்கு வந்திருக்காரு, பாவாடைணா."

எழில்மதி கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில், விதைக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில் காலையிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. மலைப்பக்கம் மேகம் கட்டிக்கொண்டு நின்றது.

பக்கோடாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த பாவாடையின் கை அந்தரத்தில் நின்றது.

"விடிஞ்சதும் ஆரம்பிச்சிட்டீங்களா மேடம்? வந்தவரு கையெழுத்து போட்டாரா, இல்ல செவுத்துக்குள்ள பூந்து வந்தாரா?"

"பேரு போட்டுட்டுதான் வந்திருக்காரு. அதான் வம்பு."

நம் எழில்மதி நகைத் திருடர்களைத் துரத்துகிறவள் அல்ல, கண்ணுகளா. அவள் பிடிப்பது வேறு வகைக் குற்றவாளிகளை. 'நெல்லி' என்று ஒரு லினக்ஸ் இருக்கிறது, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். ஆர்வம் உள்ள சிலர் கூடி இலவசமாக நடத்துவது. யாராவது எழுதிய ஜாவா நிரலை, நெல்லி போட்ட கணினிகளில் எல்லாம் ஓடும்படி கட்டித் தருவது அவள் பொறுப்பு. அந்தக் கட்டும் வேலைக்குத்தான் பில்டு என்று பெயர். பில்டு உடைந்தால், ஏன் உடைந்தது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு போவாள். பாவாடை முன்னே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். இப்போது அவளுடைய பழைய ஜீப்பை ஓட்டுகிறார்; ஜீப் நிற்கிற நேரத்தில் வாயை ஓட்டுகிறார்.

உடைந்து கிடந்தது 'செவிவழி' என்னும் நிரல். கண் தெரியாதவர்களுக்கு எழுத்தை வாசித்துக் காட்டுவது. எழுதியவர் கல்வராயன் மலைமேல் கரியாலூர்ப் பக்கத்து இளமாறன். போன வருஷத்துக்கு முந்தின மழையில், மலைப்பாதை வளைவில் பைக் சறுக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"வியாழக்கிழமை அந்தக் களமருதூர்ப் பொண்ணுக்குப் பரிச்ச" என்றாள் எழில்மதி. "ஜெயசுதா. இந்தத் தடவ விட்டா வயசு தாண்டிடும், மறுபடி எழுத முடியாது. பரிச்ச ஹால்ல எல்லாம் நெல்லி கம்ப்யூட்டர். நெல்லிக் களஞ்சியத்துல இருக்கறத மட்டும்தான் போடுவேன்னு பரிச்ச நடத்தற அரங்கநாதன் சார் ஒரே பிடியா நிக்கறாரு."

"அவ வூட்டு கம்ப்யூட்டர்லதான் செவிவழி நல்லா பேசுதே? இளமாறன் உசுரோட இருக்கும்போது போட்டுக் குடுத்ததுன்னு சொல்லிச்சே. அதக் காப்பியடிச்சு களஞ்சியத்துல ஏத்திட்டுப் போவ வேண்டிதான?"

"அது ஆக்கின சோறுணா. நெல்லிக்கு அரிசி, பருப்பு, புளி எல்லாம் தனித்தனியா குடுத்து, கதவச் சாத்தின ரூம்ல புதுசா ஆக்கிக் காட்டணும். உள்ள இன்டர்நெட் கெடையாது. பக்கத்து வூட்ல ஒரு கல்லு உப்புகூட கேக்கக்கூடாது."

"சரி, நம்ம சோத்துல இன்னா கம்மி?"

அவள் திரையைத் திருப்பினாள். சிவப்பு எழுத்தில் கடைசி வரி நின்றது.

*தேவையான பகுதி: மூச்சு. கிடைக்கவில்லை.*

மின்விசிறி கிறீச்சிட்டது. பாவாடை பக்கோடாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வாசிக்கறப்ப எங்க நிறுத்தணும், எவ்ளோ நேரம் நிறுத்தணும்னு சொல்ற பகுதி அது" என்றாள் எழில்மதி. "அது இல்லாங்காட்டி வார்த்தையெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உழுந்துடும். கேக்கறவங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. உலகத்துல எந்தக் களஞ்சியத்துலயும் இந்தப் பகுதி இல்ல. தேடிட்டேன்."

"செத்தவரோட மூச்ச எமன்கிட்டதான் கேக்கணும். அவரு ஆபீசுக்கு ஜீப்பு போவாது மேடம்."

"இங்க பாருங்க. நிரல்ல யாரு எப்ப இன்னா மாத்தினாங்கன்னு வரிசையா பதிஞ்சிருக்கும். கடைசி அஞ்சாறு திருத்தமும் அவரு செத்தப்புறம் வந்தது. எல்லாத்துலயும் இளமாறன் பேரு."

பாவாடை நாற்காலியைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதுகுக்கு ஏதாவது ஆதரவு இருந்தால் நல்லது என்று தோன்றியிருக்கும், யாருக்குத்தான் தோன்றாது?

"இன்னும் ஒண்ணு. பழைய வரியெல்லாம் பாருங்க. எது எதுக்குள்ள அடக்கம்னு தெரியறதுக்கு, படி எறங்கறாப்ல உள்ள தள்ளித் தள்ளி எழுதியிருக்காரு. புதுசு எல்லாம் ஓரத்துல ஒட்டி, ஒரே நேரா கெடக்குது. ஆனா ஒவ்வொரு அடைப்புக்குறிய மூடறப்பவும் பக்கத்துலயே 'இது இன்னதோட முடிவு'ன்னு சின்னதா எழுதியிருக்கு."

"மேல போயி சேந்தவருக்கு இனிமே படி எதுக்கு?"

எழில்மதி சிரிக்கவில்லை. அவள் கண் வேறு ஏதோ ஒரு வரியில் நின்றது. அதைப் படித்தாள், ஒன்றும் சொல்லாமல் மடிக்கணினியை மூடினாள். துப்பறிகிறவர்களிடம் இந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

"ஏத்தின கம்ப்யூட்டரோட பேரு 'சுபாஷ் நெட்'. தெரியுமா?"

"தெரியாம? கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு எதிர்ல. ஆதார் ஜெராக்ஸ் எடுத்தா நம்ம மொகம் நமக்கே தெரியாது. பேய்க்குப் பொருத்தமான எடம்தான்."

*

சுபாஷுக்கு முப்பது வயதிருக்கும். பேயைப் பற்றிக் கேட்டதும் கொட்டாவி விட்டான்.

"பேயும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. மேல சிக்னல் கெடையாது. இளமாறண்ணன் இருந்த காலத்துலேர்ந்து வெள்ளிமலை பஸ் கண்டக்டர்கிட்ட பென்டிரைவ் குடுத்து அனுப்புவாரு. நான் உள்ள இருக்கறத ஏத்திட்டு, பதில் வந்திருந்தா அதுலயே போட்டு அடுத்த நடையில திருப்பி அனுப்புவேன். அவரு பாஸ்வேர்டு எங்கிட்டதான் இருக்குது."

"அவரு செத்துட்டாருன்னு தெரியுமில்ல?"

"சாவுக்கே போயிட்டு வந்தேன்."

"அப்பறம் பென்டிரைவ் வந்தப்ப உனுக்கு ஒண்ணும் தோணலியா தம்பி?" என்றார் பாவாடை.

"தோணிச்சு. ராத்திரி தூக்கம் வரல. கண்டக்டர்கிட்ட யாரு குடுத்தாங்கன்னு கேக்கலாம்னு பாத்தேன். கேட்டு, அவரு வேற மாதிரி எதனா சொல்லிட்டா? அதான் கேக்கல. ஏத்திட்டு அனுப்பிட்டேன். அப்பறம் பழகிடுச்சு."

"பென்டிரைவ்ல எத்தினி ஃபோல்டர் வரும்?"

"ஒண்ணே ஒண்ணு. செவிவழி."

ஜீப்புக்குத் திரும்பியதும் பாவாடை தொடையைத் தட்டினார். "கேஸ் முடிஞ்சிது மேடம்! மூச்சு வேற ஃபோல்டர்ல இருந்திருக்கு. மேல இருக்கறது யாரோ, அதக் கீழ அனுப்ப மறந்துட்டாங்க. அவங்க கம்ப்யூட்டர்ல அது இருக்கறதால அங்க பில்டு ஆவுது, நம்மகிட்ட ஆவல. பஸ்ல வுட்ட பை கணக்கா."

"அப்படித்தான் தெரியுது" என்றாள் எழில்மதி. குரலில் சந்தோஷம் இல்லை.

*

கோமுகி அணையைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. மதியம்தான், ஆனாலும் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். கரியாலூருக்கு முன்னால் ஒரு வளைவில் பாதுகாப்புச் சுவர் புதுசாக வெள்ளையடித்து இருந்தது. பாவாடை அந்த இடத்தில் மட்டும் பேசாமல் ஓட்டினார்.

இளமாறனின் வீடு மரவள்ளிக் காட்டை ஒட்டித் தனியாக நின்றது. ஓட்டுக் கூரை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. ஜீப்பை அணைத்த அமைதியில், அந்த இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கரியாலூர் செய்திகள். வாசிப்பது இளமாறன்."

பாவாடை ஜீப்பின் கதவை மறுபடி சாத்திக்கொண்டார். "மேடம், நான் வண்டிய திருப்பி நிறுத்தறேன். திருப்பற வேல கொஞ்சம் ஜாஸ்தி. கள்ளக்குறிச்சி வரிக்கும் போயிதான் திருப்பணும்."

எழில்மதி கதவைத் தட்டினாள். குரல் சட்டென்று நின்றது.

கதவைத் திறந்தது நாற்பது வயதுக்காரி. வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல், குரல் வரப்போகிற உயரத்துக்குக் காதைச் சாய்த்து நின்றாள்.

"யாரு?"

"நான் எழில்மதிக்கா. கள்ளக்குறிச்சி. செவிவழிய நெல்லில கட்டறது நான்தான். நீங்கதான் இத்தினி நாளா அதத் திருத்திக்கினு இருக்கறீங்க."

பெண்ணின் கை கதவை இறுக்கிப் பிடித்தது. "எப்படித் தெரியும்?"

"கண்ணால பாக்கறவங்களுக்குத்தான் வரிய உள்ள தள்ளி எழுதணும். காதால கேக்கறவங்களுக்கு அது வீண். எந்த அடைப்பு எங்க மூடுதுன்னு வாயால சொன்னாதான் வெளங்கும். நீங்க ஒவ்வொண்ணுக்கும் எழுதி வெச்சிருக்கீங்க."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவள் பெயர் ஆண்டாள். இளமாறனின் மனைவி. கல்யாணமான சில வருஷத்தில் பார்வை மங்கத் தொடங்கி, பிறகு முழுக்கப் போய்விட்டது. செவிவழி அவளுக்காகத்தான் எழுதப்பட்டது. அதை வைத்தே நிரல் எழுதவும் பழகிக்கொண்டாள். அவர் போன பிறகு ஜாவா புதிதாக மாறியபோதெல்லாம், பழையது உடைந்துவிடாமல் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"அவரு பேர்ல ஏன்கா அனுப்புனீங்க? ஒரு ஆளு கச்சிராயபாளையத்துல தூக்கம் கெட்டுக் கெடக்கறான்" என்றார் பாவாடை. கதவைத் திறந்தது ஒரு மனுஷிதான் என்று தெரிந்ததும் ஜீப்பை விட்டு இறங்கி வந்தவருக்கு வாயும் திரும்பியிருந்தது.

"அந்தப் பையன்கிட்ட அவரு பாஸ்வேர்டுதான இருக்குது. அதுவுமில்லாம, அவரு பேர்ல போவறப்போ, காலைல சாப்புட்டு வேலைக்குப் போயிருக்காருன்னு இருக்கும்ணா. சாயங்காலம் பஸ்ல பென்டிரைவ் வரும். அவரே வந்தாப்ல."

எழில்மதி பரீட்சை விஷயத்தைச் சொன்னாள். களமருதூர்ப் பெண்ணைச் சொன்னாள், வியாழக்கிழமையைச் சொன்னாள், கதவடைத்த அறையைச் சொன்னாள். கடைசியில்தான் கேட்டாள்.

"மூச்சு கீழ வரலக்கா."

"மறந்துட்டேன்" என்றாள் ஆண்டாள். உடனே சொன்னாள், ரொம்ப உடனே.

"பாத்தீங்களா மேடம், நான் சொல்லல?" என்றார் பாவாடை.

"இல்லணா. அக்கா மறக்கல." எழில்மதியின் குரல் தாழ்ந்தது. "நிரலோட கூடவே ஒரு குட்டிக் கோப்பு வரும். இதையெல்லாம் வெளிய அனுப்பாதன்னு கம்ப்யூட்டருக்கு அதுல கட்டளை போடலாம். அக்காவோட முதல் திருத்தத்துல அதுல ஒரே ஒரு சொல்லுதான் இருக்குது. 'மூச்சு'. காலைலியே பாத்துட்டேன். மறந்தவங்க, அனுப்பாதன்னு எழுதி வெக்க மாட்டாங்க."

வெளியே மரவள்ளி இலைகளில் பனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆண்டாள் எழுந்தாள். தடவாமல் நேராக நடந்து மேசையை அடைந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"கரியாலூர் செய்திகள். வாசிப்பது இளமாறன். இன்று காலை நமது வீட்டுக் கோழி மேல்வீட்டுக் கூடையில் முட்டையிட்டது. மேல்வீட்டார் அதைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டனர். ஆனால்…"

குரல் நின்றது. ஒரு நீண்ட இழுப்பு. மெல்லப் புகை விடுகிற சத்தம். இருட்டில் ஆள் இருப்பதுபோலவே இருந்தது. பாவாடை தன்னை அறியாமல் சுவரோரம் நகர்ந்து இடம் விட்டார்.

"…ஆனால் அது வெந்த முட்டையாக இருக்கும் என்று தெரிவித்துள்ளனர்."

"பீடி" என்றாள் ஆண்டாள். "'ஆனால்'னு சொல்லிட்டு ஒரு இழுப்பு இழுத்துட்டுதான் மிச்சம் சொல்லுவாரு. என்னால பாக்க முடியாததயெல்லாம் தெனம் இப்படி வந்து வாசிப்பாரு. பதிஞ்சும் வெப்பாரு. அந்தக் குரல் எங்கெங்க மூச்சு வாங்குதோ, அதக் கணக்கு போட்டு செஞ்சதுதான் மூச்சு. எந்த வார்த்தைக்கப்புறம் எவ்ளோ நேரம் நிக்கறதுன்னு எல்லாம் அவரோடது."

எழில்மதிக்கு இப்போது முழுதும் விளங்கியது. மூச்சைப் புதுசாகக் கட்ட வேண்டுமென்றால் அந்த ஒலிப்பதிவுகள் வேண்டும். அதுதான் அரிசி. நெல்லியில் போட்டால் உலகத்தில் யாரும் எடுத்துக் கேட்கலாம்.

"ஆக்கின சோறு மட்டும் குடுங்கக்கா. கட்டி முடிச்ச அந்த மூச்சுக் கோப்பு ஒண்ணு. பதிவெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் பாவாடை. "யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ணா." எழில்மதி தலையைக் குனிந்துகொண்டாள். "நாளைக்கு ஜாவா மறுபடி மாறும். அன்னிக்கு அது உடைஞ்சா, அரிசி இல்லாம யாராலயும் திருப்பிக் கட்ட முடியாது. அந்தப் பொண்ணு மாதிரி இன்னும் எத்தினி பேரு அப்ப நடுவழியில நிப்பாங்களோ. அதுக்குத்தான் அந்த விதி. அக்கா, நான் உங்களக் கட்டாயப்படுத்த மாட்டேன். இல்லைன்னு சொன்னீங்கன்னா எறங்கிப் போயிடறேன். அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"அவளும் இதத்தான் கேக்கறாளா? வூட்ல? இந்த மூச்சையா?"

"தெனமும்."

இத்தனை நாளும் அந்த மூச்சு இந்த நான்கு சுவருக்குள் மட்டும் இருப்பதாக ஆண்டாள் நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ களமருதூரில் ஒரு பெண்ணும் அதில்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். அது அவளுக்குக் கோபமாக இருந்ததா, ஆறுதலாக இருந்ததா? முகத்தில் இரண்டும் மாறி மாறி வந்துபோயின.

"அவரு குரலக் குடுக்க மாட்டேன்" என்றாள் கடைசியில். "என்னோடத எடுத்துக்குங்க."

"பாத்துப் படிக்கறதுக்கு…" என்று இழுத்தாள் எழில்மதி.

"படிக்க வேணாம். கேட்டுச் சொல்றேன்."

ஒலிவாங்கி வைத்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். பதிவில் இளமாறன் ஒரு வரி சொல்லுவார், அவளுக்கு மட்டும் கேட்கும். நிறுத்திவிட்டு அதே வரியைத் தன் குரலில் சொல்லுவாள். வெளியே உட்கார்ந்திருந்த பாவாடைக்கு ஒரு குரல்தான் கேட்டது. கரியாலூர் செய்திகள், வாசிப்பது ஆண்டாள். கோழி வந்தது, மேல்வீட்டுக்காரர் வந்தார், மரவள்ளியைப் பன்றி தோண்டியது வந்தது. நடுவில் சில செய்திகளைக் கேட்டுவிட்டுச் சொல்லாமலே தாண்டினாள். அவையெல்லாம் என்னவென்று நாமும் கேட்க வேண்டாம்.

முடித்தபோது வெயில் சாய்ந்து, பனி கொஞ்சம் விலகியிருந்தது. எழில்மதி மடிக்கணினியில் கதவைச் சாத்தினாள். அதாவது பில்டு அறையின் கதவை. வரிகள் ஓடின. மூச்சு கட்டப்பட்டது. செவிவழி கட்டப்பட்டது. கட்டியது சரியாக ஓடுகிறதா என்று நிரலே பார்த்துக்கொள்ளும் சோதனைகள் ஒவ்வொன்றாகப் பச்சை காட்டின. பாவாடை வாயைத் திறந்துகொண்டே பார்த்தார்.

பிறகு ஒரு சிவப்பு.

"இன்னா மேடம், மறுபடியுமா!"

"ஒரே ஒரு சோதனைல நின்னுடுச்சு." எழில்மதி படித்தாள். "'ஆனால்' வந்தா அதுக்கப்புறம் நீண்ட இடைவெளி வரணும். வரல."

ஆண்டாள் சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

"அந்தச் சோதனைய எழுதி வெச்சது அவருதான். தன் மூச்சுதான் சரின்னு. நான் எதுக்கு அங்க நிக்கணும்? நான் பீடியா குடிக்கறேன்?"

அந்த மற்றப் பச்சைகளைப் பார்த்தீர்களா? அத்தனை இடத்திலும் அவள் மூச்சு அவர் மூச்சோடு போய் நின்றிருந்தது. இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் அவர் தனியாக நின்றார்.

"இத மாத்தாம பில்டு தாண்டாது" என்றாள் எழில்மதி மெதுவாக. "நான் மாத்தட்டுமா?"

"வேணாம். நகருங்க."

ஆண்டாளே உட்கார்ந்தாள். விசைகளைத் தட்டினாள், செவிவழி ஒவ்வொரு எழுத்தையும் அவள் காதில் சொன்னது. நீண்ட இடைவெளி என்ற வரிக்கு வந்தாள். விரல் அழிக்கும் விசைமேல் கிடந்தது. பாவாடை ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டார். அவர் வாழ்க்கையில் அப்படி நடப்பது அபூர்வம். அவள் அந்த வரியை அழித்தாள். குட்டிக் கோப்பிலிருந்த ஒற்றைச் சொல்லையும் அழித்தாள்.

"யாரு பேர்ல போடணும்?" என்று எழில்மதி கேட்டாள்.

"ஆண்டாள்னு போடுங்க."

எல்லாம் பச்சை.

*

சிக்னல் அந்த வளைவில்தான் வரும். வெள்ளையடித்த சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். ஆண்டாளும் ஜீப்பில் வந்திருந்தாள். வர வேண்டாம் என்று பாவாடை சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. எழில்மதி எல்லாவற்றையும் நெல்லிக்கு அனுப்பினாள். எங்கேயோ தூரத்துக் கணினி ஒன்று கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி எல்லாவற்றையும் கட்டிப் பார்த்தது. கீழேயிருந்து காற்று ஏறி வந்தது.

"ஏத்துக்கிச்சு" என்றாள் எழில்மதி.

களமருதூருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். மடிக்கணினியை அதன் அருகே பிடித்து, பழைய வினாத்தாள் ஒன்றை வாசிக்கவிட்டாள். ஒரு பக்கம் முழுக்க வாசித்து முடிந்தது.

"கேக்குதா ஜெயசுதா?"

"கேக்குதுக்கா. நல்லா வெளங்குது. சோறு எறங்கும் இனிமே எனுக்கு." பெண் தயங்கினாள். "ஒண்ணுதான்கா. வூட்ல இருக்கறது 'ஆனால்'னு சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் நிக்கும். அதுக்குள்ள அடுத்தது இன்னா வரும்னு நான் யோசிச்சு வெச்சிக்குவேன். இது நிக்காம போய்க்கினே இருக்குது."

எழில்மதி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆண்டாள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"ஆமாம்மா. இனிமே நிக்காது" என்றாள். "நீயும் நிக்காம எழுது."